எரிச்சே: கீழே நின்று பார்த்து முடிவு செய்யாதீர்கள்

இத்தாலியின் சிசிலித் தீவின் மேற்கு முனையில் டிராபனி என்று ஒரு துறைமுக ஊர். கடற்கரையில் நின்று திரும்பிப் பார்த்தால் ஊருக்குப் பின்னால் ஒற்றை மலை ஒன்று துணையில்லாமல் எழுந்து நிற்கும். சுமார் 750 மீட்டர் உயரம். உச்சியில் மதில் சூழ்ந்த முக்கோண வடிவ ஊர்தான் எரிச்சே.

நான் முதல் முறை போனது ஒரு ஜூன் மாதம். கீழே வெயில் மண்டையைப் பிளந்தது. மலையுச்சியில் மட்டும் தலைப்பாகை கட்டினாற்போல ஒரு துண்டு மேகம். சின்ன மேகம்தானே, நாம் போய்ச் சேர்வதற்குள் கலைந்துவிடும் என்று அரைக்கைச் சட்டையும் ரப்பர் செருப்புமாக ஏறிவிட்டேன். மேலே இரண்டரை மணி நேரம் இருந்தேன். கடல் என்று ஒன்று பக்கத்தில் இருப்பதற்கான அறிகுறியே இல்லை. கோட்டைச் சுவர் கைக்கு எட்டும் தூரத்தில் வந்த பிறகுதான் அது கோட்டை என்று தெரிந்தது. பல் கிட்டித்துப்போய் இறங்கி வந்தால், கீழே அதே வெயில், அதே ஐஸ்கிரீம் வரிசை.

இரண்டாம் முறை இரண்டு இரவு தங்கினேன். அப்போதுதான் புரிந்தது: இங்கே வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, கீழே இருக்கும் கடற்கரையை வைத்து மேலே இருக்கும் ஊருக்குக் கணக்குப் போடுவதால் வருகிறவை. (பஸ் டிக்கெட், காபி நேரம் என்று இத்தாலி முழுக்கப் பொருந்தும் சங்கதிகளை இங்கே எழுதப்போவதில்லை. எரிச்சேக்கே உரியவை மட்டும்.)

முதலில் வானிலை. போனில் டிராபனியின் வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது வீண். உயரம் கூடக் கூட வெப்பம் குறையும் கணக்குப்படி மேலே ஏறக்குறைய 5 டிகிரி குறைவாக இருக்கும். ஆனால் காற்றும் ஈரமும் சேரும்போது உடம்புக்குத் தெரியும் குளிர் அதைவிட அதிகம். பக்கத்தில் வேறு மலையின் மறைப்பு இல்லாததால் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று நேராக இந்தச் சரிவில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து உச்சியில் மேகமாகிறது. கீழே நீலவானம் இருக்கும்போதே மேலே மூடிக்கொள்வதற்கு இதுதான் காரணம். உள்ளூரில் இந்த மூடுபனிக்கு ‘வீனஸின் முத்தம்’ என்று பெயர். முதல் முறை எனக்குக் கிடைத்ததை முத்தம் என்று சொல்லமாட்டேன்.

ஆகவே காலையில் எழுந்ததும் போனைப் பார்க்காமல் மலையைப் பாருங்கள். உச்சி தெளிவாகத் தெரிந்தால் காலை உணவைக்கூட மேலே வைத்துக்கொள்ளலாம். தெரியவில்லை என்றால் அன்று உப்பளப் பக்கம் போய்விட்டு மறுநாள் ஏறுங்கள். ஏற்கெனவே ஏறி மாட்டிக்கொண்டீர்களா? உடனே இறங்காதீர்கள். அங்கே பனி ஒரு மணி நேரத்தில் வந்து அடுத்த மணி நேரத்தில் போகக்கூடியது. இரண்டாம் முறை கோட்டையை ஒட்டிய பாலியோ தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். கோட்டை அடிவாரத்திலிருந்து வெள்ளையாக ஏதோ சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தது. பைன் மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பக்கத்து பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் மட்டும் மிஞ்சியது. இருபது நிமிடம் கழித்து, திரையை யாரோ இழுத்துவிட்ட மாதிரி, நேர் கீழே கடலும் தூரத்தில் கோஃபானோ மலையும். ஒரு மெல்லிய ஸ்வெட்டர் மட்டும் கையில் இருந்தால் போதும், இந்தக் கூத்தை நாள் முழுக்க ரசிக்கலாம்.

அடுத்த தவறு பணத்தைத் தின்கிற தவறு: ஓட்டல் முகவரி. எரிச்சே என்பது மலையுச்சி ஊரின் பெயர் மட்டுமல்ல, ஒரு நகராட்சியின் பெயரும்கூட. அந்த நகராட்சி மலையிலிருந்து இறங்கி டிராபனியோடு ஒட்டிக்கிடக்கும் காசா சான்டா என்ற பகுதிவரை பரவியிருக்கிறது. நகராட்சி மக்களில் பெரும்பாலோர் வசிப்பது அங்கேதான். மதிலுக்குள் நிரந்தரமாக இருப்பவர்கள் சில நூறு பேர். ஆக, முன்பதிவுத் தளத்தில் ‘எரிச்சே’ என்று தேடினால் கடற்கரைச் சாலை அடுக்குமாடிக் கட்டடமும் எரிச்சே என்றே வரும். விலை மலிவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, பெட்டியோடு வந்து இறங்கியபின் மலையை நிமிர்ந்து பார்த்து நிற்கிறவர்கள் உண்டு. மலையுச்சி ஊரைப் பிரித்துச் சொல்ல ‘எரிச்சே வெத்தா’ என்பார்கள். வெத்தா என்றால் உச்சி. முன்பதிவுக்கு முன் வரைபடத்தைப் பெரிதாக்கி, அந்த முக்கோண மதிலுக்குள்தான் ஓட்டல் இருக்கிறதா என்று பாருங்கள். வால்டெரிச்சே என்று வந்தால் அது தனி ஊர், மலைக்குக் கிழக்கே கீழே. பழைய வரைபடங்களில் எரிச்சேயையே காணோம் என்று தேடாதீர்கள். 1934 வரை அதன் பெயர் மோன்டே சான் ஜூலியானோ.

மேலே போக நல்ல வழி ரோப் கார்தான். அறிவிப்புப் பலகைகளில் ‘ஃபுனிவியா’ என்று போட்டிருக்கும். பத்து நிமிடப் பயணம். உப்பளங்கள் கட்டம் கட்டமாகக் காலுக்குக் கீழே விரியும். இதிலும் கீழே இருந்து போடும் கணக்குத் தப்பும். கடற்கரையில் இலையசையாத நாளிலும் மேலே பலமாகக் காற்றடித்தால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். குளிர்காலத்தில் பராமரிப்புக்காக நாள்கணக்கில் ஓடாது. திங்கட்கிழமை காலையில் மூடி வைத்து மதியத்துக்கு மேல் ஓட்டுவதும் வழக்கம். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது என்பதால் அன்றைய அறிவிப்பை அன்றைக்கே பாருங்கள். ஒரு வழி டிக்கெட்டா, இரு வழி டிக்கெட்டா என்ற கேள்விக்கு என் பதில்: மேகம் இருந்தால் ஒரு வழி மட்டும். டிராபனியிலிருந்து பஸ்ஸும் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. ஏறியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, இறங்கும் கடைசி பஸ்ஸின் நேரத்தைப் போட்டோ எடுத்துக்கொள்வது.

கார் எடுத்து வருகிறவர்கள் கூகுள் காட்டும் வழியில் மதிலுக்குள் நுழையவே கூடாது. உள்ளே தெருக்கள் கழுதைக்கு அளவெடுத்துப் போட்டவை. மதிலின் டிராபனி வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதுதான் முறை. நீலக்கோடு போட்ட இடம் காசு கொடுத்து நிறுத்த, மஞ்சள் உள்ளூர்க்காரர்களுக்கும் தனி அனுமதி உள்ளவர்களுக்கும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஆண்டுதோறும் கார்ப் பந்தயம் வேறு நடக்கும். அந்த நாட்களில் சாலை அவர்களுக்கே சொந்தம்.

செருப்பு விஷயத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம்: வழுக்காத அடி உள்ள ஷூ. தெருக்களில் பெரிய பலகைக் கற்களால் சட்டம் கட்டி, நடுவே சின்னக் கற்களை நிரப்பியிருக்கிறார்கள். பார்க்கப் பாய் விரித்த மாதிரி அழகு. நூற்றாண்டுகளாகத் தேய்ந்து வழவழவென்று ஆன அந்தப் பலகைக் கல் பனியில் நனைந்தால் சோப்பு.

இப்போது நேரக்கணக்கு. ‘அரை நாள் போதும்’ என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். பரப்பளவைப் பார்த்தால் உண்மைதான். சாவகாசமாக நடந்தாலும் ஊர் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அந்த அரை நாளை எல்லோரும் பகல் 11 மணிக்கும் 4 மணிக்கும் நடுவே வைத்துக்கொள்கிறார்கள். பேருந்துகளில் வந்த குழுக்கள் கொடி பிடித்தவர் பின்னால் பிரதான தெருவில் ஏறி, கோட்டையில் படம் எடுத்து, பீங்கான் கடைகளில் நுழைந்து இறங்கும் நேரமும் அதுதான். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் தெரு உங்களுடையது. செஜெஸ்தா கோயில், எரிச்சே, உப்பளத்தில் சூரிய அஸ்தமனம், சான் விட்டோ கடற்கரை என்று ஒரே நாளில் நான்கைத் திணிக்கும் திட்டத்தை யாராவது கொடுத்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

கோட்டைக்குப் போய்விட்டு ‘உள்ளே ஒன்றுமில்லை’ என்று சலித்துக்கொள்வதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. பார்வைக்கு அது சரிதான். நார்மன் காலத்தில் எழுந்த கோட்டையின் வெற்றுச் சுவர்கள், தரையில் கொஞ்சம் இடிபாடு, ஒரு கிணறு. ஆனால் அது நிற்கும் பாறையில் அதற்கு முன் இருந்தது ஒரு கோயில். அதன் கற்களையே எடுத்துத்தான் கோட்டை கட்டினார்கள். எலிமியர் என்ற பழங்குடியினர் தொடங்கிய வழிபாடு. ஃபினீசியர் அந்தத் தெய்வத்தை அஸ்தார்த்தே என்றார்கள், கிரேக்கர் அஃப்ரோடைட்டி என்றார்கள், ரோமானியர் வீனஸ் என்றார்கள். ஆட்சி மாறியது, பெயர் மாறியது, இடம் மாறவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை தேவி கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போவதாகவும், அவளோடு மலைப் புறாக்களும் காணாமல் போய் ஒன்பது நாள் கழித்துத் திரும்புவதாகவும் பழைய எழுத்தாளர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். தங்கள் குலமூதாதை ஐனியஸ் வீனஸின் மகன் என்று நம்பிய ரோமானியர்களுக்கு இவள் பாட்டி முறை. வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலிடம் அடி வாங்கிய காலத்தில், கி.மு. 215ல், ரோம் நகரத்தின் கேபிடோலின் குன்றிலேயே எரிச்சே வீனஸுக்கு ஒரு கோயில் கட்டினார்கள்.

அதற்கு முந்திய போரில் இந்த மலை பட்ட பாடு இன்னும் சுவாரசியம். கி.மு. 244ல் ஹன்னிபாலின் தந்தை ஹமில்கார் பார்கா எரிச்சேயைப் பிடித்தார். உச்சியில் கோயிலை வைத்துக்கொண்டு ரோமானியர், அடிவாரத்திலும் ரோமானியர், நடுவில் ஹமில்கார். இப்படியே இழுத்தது. கடைசியில் கி.மு. 241ல் எதிரே தெரியும் எகாடி தீவுகளுக்கு அருகே நடந்த கடற்போரில் கார்த்தேஜ் தோற்று முதல் பூனிக் போர் முடிந்தது. அந்தப் போர்க்கப்பல்களின் வெண்கல முகமுனைகளைக் கடலடியிலிருந்து நம் காலத்தில்தான் ஒவ்வொன்றாக எடுத்துவருகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு கோட்டைச் சுவரருகே நின்று ஃபவிஞானா, லெவன்சோ, மரெத்திமோ என்று மூன்று தீவுகளையும் எண்ணினால், அந்த ‘ஒன்றுமில்லாத’ இடத்தைவிட்டு நகர மனம் வராது. மலைமேல் இருக்கும் தெய்வத்தைக் கடலோர ஜனங்கள் ஏறிப்போய் வணங்குவது இந்தத் தீவில் இன்னும் ஓயவில்லை. பாலெர்மோவில் வாழும் ஈழத்தமிழர்கள், சைவர்கள் உட்பட, பெல்லெக்ரினோ மலைக் குகையில் இருக்கும் கத்தோலிக்கப் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் நேர்த்தி வைக்கப் போகிறார்கள்.

கோட்டையைப் பார்த்துவிட்டு நேரே இறங்கிவிடுபவர்கள் தவறவிடுவது வடக்குப் பக்க மதில். ஸ்பாடா வாசலை ஒட்டிய பகுதியில் அடிவரிசைக் கற்கள் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். சிலவற்றில் ஃபினீசிய எழுத்துகள் செதுக்கியிருக்கின்றன. அங்கே டிக்கெட்டும் இல்லை, கூட்டமும் இல்லை. கழுத்தில் அடையாள அட்டையோடு பேசிக்கொண்டே போகிறவர்கள் எதிர்ப்பட்டால் அவர்கள் இயற்பியல்காரர்கள். அன்டோனினோ ஜிகிகி 1960களில் தொடங்கிய அறிவியல் மையம் இங்கே பழைய மடங்களில் நடக்கிறது. 1938ல் காணாமல் போன இயற்பியலாளர் எத்தோரே மயோரானாவின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஜெனோவேசே என்ற பலகாரத்தை ஆறவைத்துப் பார்சலில் கட்டி எடுத்துப்போவது பெரிய தவறு. உள்ளங்கை அளவு, வட்டம், மேலே சர்க்கரைப் பொடி, உள்ளே பால் கஸ்டர்டு. அடுப்பிலிருந்து வந்த சூட்டோடு நின்றபடி தின்ன வேண்டியது. மேல்மாவு மணல் போல உதிரும். உள்ளே கஸ்டர்டு நாக்கைப் பொசுக்கும். கடிக்கும்போது மூச்சு விடாதீர்கள்: சர்க்கரைப் பொடி கிளம்பி மூக்கு, சட்டை, எதிரில் நிற்பவர் எல்லோரையும் வெள்ளையடித்துவிடும். ஊருக்கு எடுத்துப்போக வேண்டுமானால் பாதாம் இனிப்புகளை வாங்குங்கள். சான் கார்லோ கன்னிமடத்துக் கைப்பழக்கத்தில் வந்தவை, நாள் தாங்கும்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெனுவில் கூஸ்கூஸைப் பார்த்ததும் ரவைதானே என்று சொல்லிவிடாதீர்கள். டிராபனிப் பக்கத்துக் கூஸ்கூஸின் உயிரே மீன் குழம்பு. ரவையை அந்தக் குழம்பில் ஊறவைத்துத்தான் தட்டில் வைப்பார்கள். துண்டு மீனை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடும் வித்தை பலிக்காது. அதற்குப் பதில் டிராபனி பெஸ்தோ போட்ட புசியாத்தே கேளுங்கள்: தக்காளி, பாதாம், பூண்டு, துளசி வகை இலை எல்லாம் இடித்த துவையல், முறுக்கிய பாஸ்தாவில் புரட்டியது. மேலே சீஸ் தூவுவார்கள், வேண்டாதவர்கள் முன்பே சொல்லிவிடலாம்.

அப்புறம் முற்றங்கள். எரிச்சேயின் வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டி, உள்ளே ஒரு முற்றத்தைப் பார்த்துத் திறப்பவை. பாதி திறந்த கதவு வழியே பூந்தொட்டிகளும் கல் படியும் தெரியும். அருங்காட்சியகம் என்று நினைத்து உள்ளே போய்விடுகிறார்கள். நானும் கேமராவோடு ஒரு வாசலில் காலை வைத்தேன். உள்ளே ஒரு பாட்டி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், ஈரத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டி ‘இந்த முனையைப் பிடி’ என்று சைகை காட்டினார். பிழிந்து கொடுத்துவிட்டு வந்தேன். படம் எடுக்கவில்லை.