தேவப்ரயாகை சங்கமத்தில் நீராட

ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் சாலையில் சுமார் 70 கிலோமீட்டர். விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பஸ் நிற்கும் சாலையிலிருந்து சங்கமத்துக்குப் படிகள் இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள். என் அம்மா அதை ஊன்றித்தான் இறங்கினார்.

பாகீரதியும் அலக்நந்தாவும் இருவேறு நிறத்தில் வந்து கலக்கின்றன. இங்கிருந்துதான் கங்கை என்று பெயர். ஆனால் தண்ணீரின் இழுப்பு பயங்கரம். இரும்புச் சங்கிலியை விடாமல் பிடித்துக்கொண்டு, சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டாலே போதும். மழைக்காலத்தில் இறங்கவே வேண்டாம்.

அப்புறம் ஈரத்துணி மாற்றிக்கொண்டு மேலே ரகுநாதர் கோயிலுக்கு ஏறுங்கள். திருக்கண்டமென்னும் கடிநகர் என்று பெரியாழ்வார் பாடிய திவ்யதேசம் இது. அந்தப் பாசுரங்களைக் கையோடு கொண்டுபோங்கள். இமயமலையில், சன்னிதி முன் நின்று அம்மா அவற்றைத் தமிழில் சொன்னபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.