இரண்டு ரவுட்டர், ஒரே கேட்வே: வி.ஆர்.ஆர்.பி. அமைப்பது எப்படி?

கணினிக்குத் தெரிந்தது ஒரே ஒரு டீஃபால்ட் கேட்வேதான்: வெளி நெட்வொர்க்குக்கு வழிவிடும் ரவுட்டரின் முகவரி. அந்த ரவுட்டர் படுத்துவிட்டால், பக்கத்தில் இன்னொன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் பயனில்லை. வி.ஆர்.ஆர்.பி. (VRRP) என்ற நெறிமுறை இரண்டுக்கும் பொதுவாக ஒரு மெய்நிகர் ஐ.பி. கொடுக்கிறது. மாஸ்டராக இருப்பது அந்த முகவரிக்குப் பதில் சொல்லும். மற்றது பேக்கப்பாகக் காத்திருக்கும்.

ஒரே குரூப் (ஒரு மெய்நிகர் ஐ.பி.யும் அதைப் பகிரும் ரவுட்டர்களும்) வைத்தால் பேக்கப் ரவுட்டர் சும்மாதான் கிடக்கும். சுமையைப் பிரிக்க இங்கே இரண்டு விலான் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்), இரண்டு குரூப் வைக்கிறோம். விலான் 10-க்கு ரவுட்டர் 'அ' மாஸ்டர். விலான் 20-க்கு 'ஆ' மாஸ்டர்.

1. முகவரி: விலான் 10-இல் மெய்நிகர் ஐ.பி. 192.168.10.1, 'அ'வுக்கு 192.168.10.2, 'ஆ'வுக்கு 192.168.10.3. விலான் 20-க்கும் 192.168.20 வரிசையில் இதே முறை. மெய்நிகர் ஐ.பி.யை எந்த ரவுட்டருக்கும் சொந்த முகவரியாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அதன் பிரையாரிட்டி (அதிகம் உள்ளதே மாஸ்டர்) 255 என்று பூட்டிக்கொள்ளும். 4-ஆம் படி வேலை செய்யாது.

2. சுவிட்சில் இரண்டு ரவுட்டருக்கும் போகும் போர்ட்டுகளை டிரங்க் (பல விலான்களை ஒரே கேபிளில் கடத்தும் போர்ட்) ஆக்கி, இரண்டு விலானையும் அனுமதியுங்கள்.

3. பிரையாரிட்டி: குரூப் 10-இல் (விலான் 10-க்கானது) 'அ'வுக்கு 110, குரூப் 20-இல் 'ஆ'வுக்கு 110. மற்றவை இயல்பான 100-லேயே இருக்கட்டும்.

4. டிராக்கிங் (வெளி இணைப்பைக் கண்காணிப்பது): பலர் விட்டுவிடுவது இதைத்தான். 'அ'வின் இணைய இணைப்பு அறுந்தாலும் உள்பக்கம் அது உயிரோடு இருப்பதால் மாஸ்டராகவே தொடரும்; பாக்கெட்டுகள் வந்து அங்கேயே சாகும். இணைப்பு போனால் பிரையாரிட்டி 20 குறையும்படி வையுங்கள்: 110 போய் 90, 'ஆ'வின் 100 ஜெயிக்கும். 5 குறைத்தால் 105, எதுவும் மாறாது. நடுவில் மோடம் இருந்தால் போர்ட் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். அங்கே போர்ட் நிலையை நம்பாமல், வெளி முகவரி ஒன்றுக்கு அந்த இணைப்பு வழியாகவே பிங் அனுப்பிச் சோதிக்கும் டிராக்கிங் தேவை.

5. கணினிகளுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி.யில் கேட்வே .1 என்று இருக்கட்டும். தவறி .2 கொடுத்தாலும் எல்லாம் ஓடும், 'அ' விழும் நாள் வரை.

6. பிரீஎம்ப்ட் (பிரையாரிட்டி அதிகமுள்ள ரவுட்டர் மாஸ்டர் பதவியை எடுத்துக்கொள்வது) இயல்பாகவே இயங்கும். அதற்கு 60 நொடி தாமதம் கொடுங்கள். இல்லையென்றால் ரீபூட் ஆன ரவுட்டர், வெளிப்பாதைகள் தயாராகும் முன்பே மாஸ்டர் பதவியைப் பிடுங்கிக்கொள்ளும்.

இரண்டு ரவுட்டரும் ஒரே குரூப்பில் மாஸ்டர் என்று காட்டினால், மாஸ்டர் தான் உயிரோடு இருப்பதாக அனுப்பும் அறிவிப்பு மற்றதற்குப் போய்ச் சேரவில்லை. டிரங்கில் விலான் விடுபட்டதா, ஃபயர்வால் ஐ.பி. புரோட்டோகால் எண் 112-ஐயோ 224.0.0.18 முகவரியையோ தடுக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, விலான் 10 கணினியிலிருந்து தொடர் பிங் ஓடவிட்டு 'அ'வின் மின்சாரத்தை நிறுத்துங்கள். அறிவிப்பு நொடிக்கு ஒன்று என்பதால் சுமார் 3.6 நொடியில் 'ஆ' ஏற்கும். மூன்று நான்கு பிங் தவறும். நேட் (உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றுவது) இருந்தால், நடந்துகொண்டிருந்த டவுன்லோடும் அழைப்பும் அறுந்து புதிதாகத் தொடங்க வேண்டிவரும். இனி இரண்டு விலானும் 'ஆ'வின் ஒரே இணைப்பில்தான் என்பதால், சாதாரண நாளில் ஒவ்வோர் இணைப்பையும் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.