திருகோணமலை அரச பாடசாலையிலிருந்து அமெரிக்க உயர் பல்கலைக்கழகங்களுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூதூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி, தன் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு ஒன்றரை வருடமாகப் பௌதிகவியல் ஆசிரியர் இல்லாததை விண்ணப்பத்தில் எழுதினால் பாடசாலைக்கு அவமானமாகிவிடாதா என்று என்னிடம் கேட்டாள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் நமது மாவட்டத்துப் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பெரியது அதிலிருந்துதான் பிறக்கிறது. கொழும்பின் சர்வதேசப் பாடசாலைகளைப் பற்றி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தெரிவு அலுவலர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கலாம். வெருகலையும் குச்சவெளியையும் பற்றி எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நாம் சொல்லாவிட்டால், ஆசிரியரில்லாமல் எடுத்த சித்தியும் வசதியான வகுப்பறையில் எடுத்த சித்தியும் அவர்களுடைய மேசையில் ஒன்றாகவே கிடக்கும்.

இதைச் சொல்வதற்கென்றே பாடசாலை பற்றிய விவரத்தாள் ஒன்றை விண்ணப்பத்துடன் அனுப்ப இடமிருக்கிறது. நமது பாடசாலைகளில் அப்படியொரு தாள் இருப்பதில்லை என்பதற்காக அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அதிபருடன் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் தயாரித்துவிடலாம்: மாணவர் தொகை, எந்தெந்தத் துறைகளில் உயர்தரம் உண்டு, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு காலம் ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடம் இயங்குகிறதா, பிள்ளைகள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள். புள்ளிமுறையையும் அதில் கட்டாயம் விளக்க வேண்டும். நம்மிடம் 75 புள்ளி எடுத்தால் ஏ சித்தி. அமெரிக்கப் பாடசாலைகள் பலவற்றில் 90க்கு மேல் எடுத்தால்தான் ஏ, 75 என்பது சி. தேர்ச்சி அறிக்கையில் இருக்கும் 78ஐ விளக்கமின்றி அனுப்பினால், வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையும் நடுத்தர மாணவியாகத் தெரிவாள். தேர்ச்சி அறிக்கைகளை 9ஆம் தரத்திலிருந்து தேடி எடுத்து வையுங்கள். பொதுப் பரீட்சைப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து ஆங்கிலத்திலேயே பெறலாம்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். நமது வழக்கம் நற்சான்றிதழ் எழுதுவது. 'இம்மாணவி ஒழுக்கமும் பணிவும் மிக்கவர், பாடசாலை நடவடிக்கைகளில் ஆர்வத்துடன் பங்குபற்றியவர், இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்' என்று மூன்று வரி எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை குத்திக் கொடுப்பார்கள். அன்போடு எழுதியதுதான் என்றாலும், அதை வாசிப்பவருக்கு அந்த மாணவியைப் பற்றி எதுவும் தெரியவராது. அவள் எந்தக் கணக்கை வேறு வழியில் செய்து காட்டினாள், ஆசிரியர் இல்லாத பாடவேளையில் யாருக்குக் கற்பித்தாள் என்று ஒரே ஒரு சம்பவத்தை விவரமாக எழுதினாலும் போதும். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் ஆசிரியர் தமிழில் நிறைவாக எழுத, பாடசாலையிலுள்ள வேறொருவர் மொழிபெயர்க்கலாம்; மாணவியோ அவளுடைய உறவினரோ மொழிபெயர்க்கக் கூடாது. ஆசிரியரிடம் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இரண்டு மாதம் முன்னதாகவே சென்று, எதை எழுதினால் உதவும் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

கட்டுரையில் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் பொது விண்ணப்பமான கொமன் அப்பின் பிரதான கட்டுரைக்கு 650 சொற்கள் வரை அனுமதி. நமது பிரதேசத்துப் பிள்ளை என்றதுமே, உதவ வருபவர்கள் சுனாமியையும் யுத்தத்தையும் எழுதச் சொல்கிறார்கள். 2004 டிசம்பரில் பிறந்தேயிராத பிள்ளை கடல் வந்த காலையை நேரில் கண்டதுபோல் எழுதிய வரைவொன்றை நான் வாசித்திருக்கிறேன். அது அவளுடைய தாயின் நினைவு, அவளுடையதன்று. அவளிடம் இருந்தது வேறு: அம்மா தயிர்ச் சட்டிகளைக் கடைகளுக்குக் கொடுக்கும் கணக்கை எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு கொப்பியில் எழுதிவந்தவள், மழைக்காலத்தில் எந்தக் கடை பணத்தைத் தாமதிக்கும் என்று அந்தக் கொப்பியை வைத்தே முன்கூட்டிச் சொல்லிவிடுவாள். அதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

அந்தக் கணக்குக்கு விண்ணப்பத்தின் செயற்பாடுகள் பகுதியிலும் இடமுண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அங்கே 10 செயற்பாடுகள் வரை எழுதலாம். குடும்பப் பொறுப்புக்கும் சம்பளத்துக்குச் செய்த வேலைக்கும் தனித்தனி வகைகளே இருக்கின்றன. விவாதக் கழகமும் சாரணியமும் இல்லையென்று வருந்தி இந்தப் பகுதியை வெறுமையாக விடுபவர்கள், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டதையும் மீன்வாடியில் வேலை செய்ததையும் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று குறித்து எழுத வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.ரி., அம்ஹேர்ஸ்ட் போன்ற சில நிறுவனங்கள் வெளிநாட்டு மாணவரிடமும் வசதியைப் பார்த்துத் தெரிவு செய்வதில்லை. தெரிவானவருடைய குடும்பத்தால் இயலாத தொகை முழுவதையும் தாமே ஏற்கின்றன. மற்றப் பெரும்பாலான இடங்களில், உதவி கேட்பதே ஒரு வெளிநாட்டு மாணவரின் வாய்ப்பைக் குறைக்கக்கூடும். இந்த வேறுபாட்டை அறியாமல் பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள். விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்குக் கேட்கலாம். 'புலமைப்பரிசில் நிச்சயம்' என்று சொல்லிப் பணம் கேட்கும் முகவரை நம்ப வேண்டாம். ஹாவர்டில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. கொழும்பிலுள்ள அமெரிக்க-இலங்கை புல்பிரைட் ஆணைக்குழுவில் ஆலோசனை பெறலாம்.

கடைசியாகக் காலம். விண்ணப்பங்கள் பெரும்பாலும் நவம்பர் 1ஆம் திகதியையும் ஜனவரி முதல் நாள்களையும் ஒட்டி முடிகின்றன. 2024இல் உயர்தரப் பரீட்சை நவம்பர் 25ஆம் திகதி தொடங்கியது. இரண்டையும் ஒன்றாகச் சுமந்து இரண்டிலும் தவறுவதைவிட, பெறுபேறு வந்தபின் அடுத்த சுற்றில் விண்ணப்பிப்பது நல்லது என்பதே என் எண்ணம். அப்படிக் காத்திருப்பவர், வேறொரு பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பில் ஒரு வருடத்தை முடித்துவிட்டால், பல இடங்களில் புதுமுக மாணவராக விண்ணப்பிக்க முடியாது என்பதை முதலிலேயே விசாரித்து வைக்க வேண்டும். அதற்காக உள்நாட்டு விண்ணப்பத்தைக் கைவிட வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பெரும்பாலான பாடநெறிகளுக்கு 55 வீதமான இடங்களை மாவட்ட அடிப்படையிலும், மேலும் 5 வீதத்தைக் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்குகிறது. திருகோணமலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.