தன்பாலீர்ப்புக் காதல் இருப்பதாக ஆசைகாட்டி ஏமாற்றும் தொடரைக் கண்டுபிடிப்பது எப்படி?

டிரெய்லர், பேட்டிகளை ஒதுக்கிவிட்டு கதையை மட்டும் பாருங்கள். விளம்பரத்தில் ஒரே பாலினத்தவர் இருவரிடையே காதல்போல் மினுக்கும் நெருக்கம், கதையில் கடைசிவரை உறுதியாகாவிட்டால் அது குயர்பெய்ட்டிங், அதாவது ஆசைகாட்டி ஏமாற்றுவது.

அடுத்தது, ஊடகங்களில் பால்புதுமையினர் சித்திரிப்பைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் கிளாட் (GLAAD) அமைப்பு 2013-இல் தந்த விட்டோ ருஸ்ஸோ சோதனை. தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர் அல்லது திருநர் என்று தெளிவாகத் தெரியும் பாத்திரம் இருக்கிறதா? அந்த அடையாளம் தவிர அவருக்கு வேறு குணங்கள் உண்டா? அவரை எடுத்துவிட்டால் கதை குலையுமா?

மூன்றாவது கேள்வியில் கறாராக இருங்கள். 2019 ஸ்டார் வார்ஸ் படத்தில் இரு பெண்கள் முத்தமிடும் காட்சி சிங்கப்பூரில் வெட்டப்பட்டது; கதைக்கு ஒரு கீறலும் இல்லை. வெட்ட வசதியாக வைத்த காட்சியைப் பிரதிநிதித்துவக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இந்தச் சோதனை படைப்புக்கு மட்டும்தான், நடிகருக்கு அல்ல. குயர்பெய்ட்டிங் செய்கிறார் என்ற பழியைச் சுமத்தித்தான் 2022-இல் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ தொடரின் நடிகர், 18 வயது கிட் கானரைத் தன் இருபாலீர்ப்பை வெளியே சொல்லும்படி நெருக்கினார்கள். அது கொடுமை.