மாடு நொண்டினால் முதலில் குளம்பைத் தூக்கிப் பாருங்கள்

உச்சிப்புளியிலிருந்து தொண்டி வரை கடலோரத்தில் மாடு மேயும் இடமெல்லாம் சீமைக் கருவேலம்தான். இங்கே ஒரு கறவை நொண்டினால் முதல் சந்தேகம் அந்த முள் மேல்தான் வரவேண்டும். ஆனால் பலர் முட்டியையும் சப்பையையும் தடவிப் பார்த்துப் பற்றுப் போட்டுவிடுகிறார்கள். கறவை மாட்டு நொண்டலில் பெரும்பங்கு குளம்பில்தான் தொடங்குகிறது, அதிலும் பின்னங்காலின் வெளிப்பக்கக் குளம்பில்.

காலைக் கயிறு போட்டுத் தூக்கி, தண்ணீர் ஊற்றி நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். அடிக்குளம்பில் மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியலாம். அங்கே அழுத்தியதும் மாடு வெடுக்கென்று காலை இழுத்தால், முள் ஒடிந்து உள்ளே சீழ் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். கால்நடை மருத்துவர் அந்த இடத்தைச் சீவித் திறந்தால் கறுத்த சீழ் வடியும், வலியும் குறையும். ரத்தம் வரும்வரை நாமே கத்தியால் தோண்டக் கூடாது. நிறைசினை மாட்டைக் கட்டிச் சாய்க்கவும் கூடாது. அதே காலின் நல்ல குளம்புக்கு அடியில் மரக்கட்டை ஒட்டச் சொல்லுங்கள். புண்பட்ட குளம்பு தரையில் படாமல் ஆறும். சூடு போடும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். தோல்தான் வேகும், முள் உள்ளேயே இருக்கும்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. இயற்கைப் பண்ணையில் ஊசியே ஆகாது என்று நாளைக் கடத்துகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்றில் நிற்கும் மாட்டுக்குக் குளம்பு இடுக்கு வீங்கி, அழுகல் நாற்றமும் காய்ச்சலும் வந்தால் அது குளம்பு அழுகல். கிருமி மூட்டுக்குள் இறங்கிவிட்டால் மாட்டை மீட்பது கடினம். அங்கக (இயற்கை வேளாண்) சான்று விதிகள் மாட்டை வலியில் விடச் சொல்லவில்லை. மருத்துவர் சொல்லும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுங்கள், பதிவேட்டில் எழுதுங்கள், மருந்துக்குரிய பால் நிறுத்தக் காலத்தைப் போல் (மருந்து கொடுத்தபின் பாலை விற்கக் கூடாத நாட்கள்) இரு மடங்கு நாட்கள் அந்தப் பாலை விற்காதீர்கள்.

கோமாரிக் கால்புண்ணுக்கு மூலிகை நன்றாகவே கைகொடுக்கும். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் எல்லாம் அரைத்து நல்லெண்ணெயில் காய்ச்சி, ஆறியபின் பூசலாம். கழுவாத புண்ணில் சேற்றுக்கு மேலேயே பூசுவதால்தான் பலன் கிடைப்பதில்லை. புழு இருந்தால் முதலில் கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெய் விடுங்கள்.

எல்லா நொண்டலும் குளம்பு நோயல்ல. காய்ச்சலோடு இன்று ஒரு கால், நாளை வேறு கால் என்று நொண்டினால் மூன்று நாள் காய்ச்சலாக இருக்கலாம். சப்பை வீங்கி, அழுத்தினால் நறநறவென்று கேட்டால் அது சப்பை நோய். ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழையுங்கள்.

குளம்பை நனைத்தெடுக்கும் மயில்துத்தக் (காப்பர் சல்பேட், செம்பு உப்பு) குளம்புக் குளியலுக்கு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் போதும். மிச்சத் தண்ணீரை வயலில் கொட்டினால் செம்பு மண்ணிலேயே தங்கிவிடும். செம்மறிகள் அதில் வாய் வைக்க விடாதீர்கள், செம்பு அவற்றுக்கு விஷம்.