ஆள் சேர்த்தால் மட்டும் போதாது: பொருளாதாரக் கள ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு திட்டம் உண்மையிலேயே பலன் தந்திருந்தும், ஆய்வின் முடிவில் ‘பலன் தெரியவில்லை’ என்று வந்துவிடலாம். இருக்கிற பலனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பைத்தான் புள்ளியியல் திறன் என்கிறார்கள்; வழக்கமாக 80 சதவீதம் எதிர்பார்க்கப்படும். அது போதவில்லை என்றால் உடனே ஆள் எண்ணிக்கையைக் கூட்டப் பார்க்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது.

என் கணக்கில் முதல் குற்றவாளி, திட்டத்தில் எத்தனை பேர் சேர்வார்கள் என்ற மிகைக் கணிப்பு. ஹைதராபாத்தில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் நடத்திய நுண்கடன் (ஏழைகளுக்கான சிறு கடன்) ஆய்வில் 104 குடியிருப்புப் பகுதிகள் இருந்தன. குலுக்கலில் தேர்வான பாதிப் பகுதிகளில் கடன் நிறுவனம் கிளை திறந்தது. ஆனால் மற்ற நிறுவனங்கள் இரு தரப்பிலும் கடன் கொடுத்துக்கொண்டிருந்தன. முதல் தொடர் கணக்கெடுப்பின்போது, நுண்கடன் வாங்கிய குடும்பங்களின் விகிதத்தில் இரு தரப்புக்கும் இடையே சுமார் 8 சதவீதப் புள்ளிகள்தான் வேறுபாடு. சேர்க்கை வேறுபாடு பாதியானால் மாதிரி, அதாவது ஆய்வுக்கு எடுக்கும் ஆட்களின் எண்ணிக்கை, இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு வேண்டும். பத்தில் ஒன்றானால் நூறு மடங்கு. இத்தனை ஆட்களுக்கு எந்த நிதியும் தாங்காது. சிறிய முன்னோட்ட ஆய்வில் சேர்க்கையை அளந்துவிட்டு இறங்குவதே மலிவு.

அடுத்தது, திட்டம் யாருக்கு என்று ஊர் ஊராகக் குலுக்கிவிட்டு, ஊர்களை எண்ணாமல் ஆட்களை எண்ணுவது. ஒரே ஊர்க்காரர்களுக்கு ஒரே மழை, ஒரே சந்தை விலை. ஊருக்குள் இடைத்தொடர்பு (ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற அளவு; 0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லாரும் ஒரே மாதிரி) 0.05 என்றால்கூட, 10 ஊர்களில் நூறு நூறு பேராக எடுத்த 1,000 பேர் ஏறத்தாழ 168 தனி நபர்களுக்குத்தான் சமம். அதே 1,000 பேரை 100 ஊர்களில் பத்துப் பத்தாக எடுத்தால் 690.

இலாபம், வருமானம் போன்றவை மாதத்துக்கு மாதம் ஆடும்; ஒருமுறை மட்டும் கேட்டுவிட்டு வருவதும் தவறுதான். இலங்கையில் காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்களில் 2005இல் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்ஸி, கிறிஸ்டோபர் உட்ரஃப் ஆகியோர் சிறுதொழில்களுக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபாய் பெறுமதியான உதவி அளித்தனர். முதலீடு 1,00,000 ரூபாய்க்கு உட்பட்ட தொழில்களை மட்டுமே சேர்த்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அளந்தனர். சிதறலைக் குறைக்க இரண்டும் உதவும்.

திட்டத்துக்கு முன் எடுத்த அளவுக்கும் பின் எடுத்த அளவுக்கும் தொடர்பு 0.5க்குக் கீழ் இருந்தால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது இரைச்சலைக் கூட்டவே செய்யும். கழிப்பதற்குப் பதிலாக, முன் அளவைக் கட்டுப்பாட்டு மாறியாக (ஆரம்ப வேறுபாடுகளைச் சரிக்கட்டக் கணக்கில் சேர்க்கும் எண்ணாக) வைப்பது நல்லது.

ஆய்வு முடிந்தபின், கிடைத்த விளைவையே வைத்துத் திறனைக் கணக்கிட்டுச் சமாதானம் சொல்லும் பழக்கமும் ஒழியவில்லை. அந்த எண் பி-மதிப்பையே (பலனே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பையே) வேறு உடுப்பில் காட்டுகிறது. நம்பிக்கை இடைவெளியை, அதாவது தரவுகளோடு ஒத்துப்போகும் பலன்களின் வீச்சை, வெளியிட்டால், எவ்வளவு பெரிய பலன் இன்னும் சாத்தியம் என்பதை வாசகரே பார்த்துக்கொள்வார்.