அறியாத சந்தைக்கு முதல் சரக்கு: யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்குக் கறித்தூள் அனுப்பும் வழி

யாழ்ப்பாணத்தில் சிறிய அளவில் உணவுப்பொருள் தயாரிப்பவர்கள் "வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம்" என்று கூறும்போது, பெரும்பாலும் ஸ்காபரோவிலோ பாரிஸின் லா சப்பலிலோ உள்ள தமிழ்க் கடைகளையே கருதுகிறார்கள். அங்கே வாங்குபவருக்குப் பனங்கட்டியையோ வறுத்துத் திரித்த தூளையோ விளக்கத் தேவையில்லை. அது நல்ல வியாபாரந்தான். ஆனால் அறியாத சந்தை அன்று. இந்த விளக்கம், தமிழ் அறியாத ஒரு ஜேர்மானியர் தம் ஊர்க் கடையில் எடுத்துப் பார்க்கும் பொருளைப் பற்றியது. ஒரே நாட்டையும் ஒரே பொருளையும் எடுத்துக்கொண்டால் வழி தெளிவாகும் என்பதால் ஜேர்மனியையும் கறித்தூளையும் எடுத்திருக்கிறேன்.

தொடங்குபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு. நாம் ஒரு நாட்டுக்கு விற்பதில்லை. அந்த நாட்டுச் சட்டத்துக்குப் பொறுப்புக் கூறும் ஓர் இறக்குமதியாளருக்கே விற்கிறோம். அவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு எழுத்திலான, சான்றுடன் கூடிய விடைகளைத் தயாராக வைத்திருப்பதே கீழ்வரும் படிகள் அனைத்தின் நோக்கமாகும்.

படி 1: ஒரு பொருளைத் தெரிவுசெய்யுங்கள்

பதினைந்து பொருட்கள் அடங்கிய விலைப்பட்டியலை அனுப்பும் வழக்கத்தைக் கைவிடுங்கள். நெய், பால், முட்டை, மாசி முதலியவை கலந்த பொருட்களுக்கு விலங்குவழி உணவுக்குரிய தனி விதிகள் உண்டு. முதல் முயற்சிக்கு அவை வேண்டாம். ஒடியல்மா போன்றவற்றில் வேறொரு சிக்கல் இருக்கக்கூடும். 1997 மே 15 இற்கு முன்னர் ஐரோப்பிய ஒன்றியத்தில் குறிப்பிடத்தக்க அளவில் உண்ணப்படாத உணவுகள் அங்கே புதுவகை உணவாகக் கருதப்படுகின்றன. பிற நாடுகளின் பாரம்பரிய உணவு என்ற வகையில் அனுமதி கோருவதற்குக் குறைந்தது 25 ஆண்டுகள் பாதுகாப்பாக உண்ணப்பட்டமைக்கான சான்று வேண்டும். நாம் தலைமுறைகளாகக் கூழ் குடித்தது மட்டும் அங்கே சான்றாகிவிடாது. கறித்தூளோ ஐரோப்பியர் ஏற்கனவே அறிந்த பொருள்.

படி 2: சுங்கக் குறியீட்டையும் விதிகளையும் தேடுங்கள்

உலகெங்கும் பண்டங்களை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டின் முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை. கறித்தூள் 0910 என்ற தலைப்பின் கீழ் வருகிறது. ஆனால் உப்போ வேறு பொருட்களோ மிகுதியாகச் சேர்ந்து அதன் இயல்பு மாறினால் 2103 இற்குப் போய்விடக்கூடும். குறியீடு தெரிந்ததும், ஐரோப்பிய ஆணைக்குழு இலவசமாக நடத்தும் அக்சஸ் டு மார்க்கெட்ஸ் இணையத்தளத்தில் இலங்கையையும் ஜேர்மனியையும் தெரிவுசெய்து தேடினால், வரி வீதமும் தேவைப்படும் ஆவணங்களும் கிடைக்கும்.

இலங்கைக்கு 2017 மே மாதத்தில் மீளக் கிடைத்த ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற ஐரோப்பிய ஒன்றிய இறக்குமதி வரிச் சலுகை, பொருள் இலங்கையிலே தோன்றியது என்பதற்கான விதிகளை நிறைவுசெய்தால் மட்டுமே பயன்படும். 6,000 யூரோவுக்கு மேற்படாத சரக்குக்கு எந்த ஏற்றுமதியாளரும் விற்பனைச் சிட்டையிலேயே (இன்வொய்ஸ்) தோற்றக் கூற்றை எழுதலாம். அதற்கு மேற்பட்டால் ரெக்ஸ் எனப்படும் பதிவுபெற்ற ஏற்றுமதியாளர் முறையில் பதிவு வேண்டும். உங்கள் தூளில் உள்ள செத்தல் மிளகாய் எங்கே விளைந்தது என்ற வினா இங்குதான் எழுகிறது. நம் சந்தையில் விற்கும் செத்தலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவதால், கொள்வனவுச் சிட்டைகளைத் தவறாது சேர்த்து வைத்து, தோற்ற விதி பற்றி வர்த்தகத் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: விலையைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

நம்மவர்கள் செலவைக் கூட்டி, இலாபத்தைச் சேர்த்து, அதை யூரோவுக்கு மாற்றி விலை சொல்கிறார்கள். அறியாத சந்தையில் கடைத் தட்டிலிருந்து பின்னோக்கி வருவதே சரியான முறை. ஹம் நகரிலோ பேர்லினிலோ உள்ள மச்சானிடம் பொருளை விற்றுத் தரும்படி கேட்பதைவிட, இரண்டு மூன்று ஜேர்மன் கடைகளுக்குச் சென்று, அங்குள்ள கறித்தூள் பைகளின் விலையையும் நிறையையும் லேபலையும் படமெடுத்து அனுப்பும்படி கேளுங்கள். உறவினர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுவே. பதிவுபெற்ற வணிகம் இல்லாத அவரை இறக்குமதியாளராக்குவது இருவருக்கும் தொல்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். 200 கிராம் பை ஒன்று 5 யூரோவுக்கு விற்கும் எனக் கொள்வோம். அந்த விலைக்குள் அடங்கிய, உணவுக்கான 7 வீதப் பெறுமதிசேர் வரியைக் கழித்தால் எஞ்சுவது 4.67 யூரோ. கடைக்காரர் 35 வீதம் எடுத்தால் 3.04, இறக்குமதியாளர் 30 வீதம் எடுத்தால் 2.13, கப்பல், காப்புறுதி, அங்குள்ள இறக்குகூலி என்பவற்றுக்குப் பை ஒன்றுக்கு 0.40 வைத்தால் 1.73. வரி தவிர்ந்த ஏனைய வீதங்களும் தொகைகளும் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உண்மையான எண்களை இறக்குமதியாளரிடமும் சரக்கு முகவரிடமும் கேட்டு நிரப்ப வேண்டும். கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேறும்போது உங்கள் கைக்கு வருவது அந்த 1.73 யூரோதான், யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் லொறிக்கூலி, ஆய்வுகூடக் கட்டணம், பொதி, சுங்க முகவரின் கூலி எல்லாவற்றையும் அதற்குள்ளேயே அடக்க வேண்டும். அடங்காவிட்டால் இங்கேயே நிறுத்திவிடலாம். இதுவரை செலவானது நேரம் மட்டுமே.

படி 4: ஆய்வுகூடமும் லேபலும்

மிளகாய் உள்ளிட்ட மசாலாப் பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ள அஃபிளாடொக்சின் எல்லை, பி1 வகைக்குக் கிலோகிராமுக்கு 5 மைக்ரோகிராமும் மொத்தத்துக்கு 10 மைக்ரோகிராமும் ஆகும். சரியாகக் காயாத, ஈரம் பட்ட செத்தலில் வளரும் பூஞ்சணமே இந்த நஞ்சை உண்டாக்குகிறது. நன்றாக வறுத்துவிட்டால் நீங்கிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள்; இந்த நஞ்சு வெப்பத்தைத் தாங்கக்கூடியது என்பதால் அந்த நம்பிக்கையில் வியாபாரம் செய்ய முடியாது. ஆகவே செத்தலை வாங்கும்போதே சோதியுங்கள், திரித்த பின் அந்தத் தொகுதியை மீண்டும் சோதியுங்கள், சல்மொனெல்லா என்ற நோய்க்கிருமியையும் சேர்த்துப் பாருங்கள். இலங்கை மிளகாய், எல்லையில் கூடுதலாகச் சோதிக்கப்படும் பொருட்களின் ஐரோப்பியப் பட்டியலில் இடம்பெற்று வந்திருக்கிறது. அப்பட்டியல் அடிக்கடி திருத்தப்படுவதால், உங்கள் தூளுக்கு அது பொருந்துமா என்பதை ஒவ்வொரு சரக்குக்கு முன்னும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

லேபல் ஜேர்மன் மொழியில் இருக்க வேண்டும். பொருளின் பெயர், நிறை வரிசைப்படி உட்பொருட்கள், நிகர நிறை, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம் என்பவற்றுடன், ஐரோப்பிய ஒன்றியத்திலுள்ள இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் வேண்டும். இதனாலேயே இறக்குமதியாளர் உறுதியாகும் முன் ஆயிரக்கணக்கில் பை அச்சிடுவது வீண்செலவு. கட்டாய விபரங்களில் 'x' போன்ற சிறிய எழுத்துகளின் உயரம் 1.2 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. மசாலாக் கலவைகளுக்கு ஊட்டச்சத்து அட்டவணையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் ஒவ்வாமை ஏற்படுத்தும் 14 வகைப் பொருட்களைத் தனித்துத் தெரியும்படி காட்டுவதில் விலக்கு இல்லை. கடுகும் எள்ளும் அந்தப் பதினான்கில் அடங்கும். உங்கள் தூளில் கடுகு இல்லாமலிருக்கலாம். எனினும், அதே ஆலையில் அடுத்த வீட்டாரின் எள்ளும் கடுகும் திரிக்கப்படுகின்றனவா? ஊரின் பொது ஆலையை நம்பி இந்த வியாபாரத்தில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

படி 5: இங்குள்ள பதிவுகள்

இது பலர் அஞ்சுமளவுக்குக் கடினமானதன்று. வணிகப் பெயரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதியலாம். கம்பனியாயின் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கத்தைப் பெற்று, சுங்கத்தில் ஏற்றுமதியாளராகப் பதிந்து, வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்கைத் திறவுங்கள். ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிலும் பதிந்துகொண்டால் வழிகாட்டல்களும் கண்காட்சி வாய்ப்புகளும் தெரியவரும்.

படி 6: இறக்குமதியாளரைக் கண்டு, சரிபாருங்கள்

கொலோன் நகரில் ஒற்றை ஆண்டுகளில் நடைபெறும் அனுகா உணவுக் கண்காட்சியில் பங்குபற்றியோரின் பட்டியலைப் பார்த்து, ஆசிய மசாலாக்களை ஏற்கனவே இறக்கும் நடுத்தர நிறுவனங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய பல்பொருள் அங்காடிகளுக்கு நேரடியாக எழுதுவதில் பயனில்லை. முதற் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேற்படாமல், பொருள், பொதியளவு, மாதத்தில் உங்களால் உறுதியாகத் தரக்கூடிய அளவு, ஆய்வறிக்கை என்பவற்றை மட்டும் கூறட்டும். மாதம் 300 கிலோ இயலுமெனில் 300 என்றே எழுதுங்கள். "எவ்வளவு வேண்டுமானாலும் தருவோம்" என்பது அங்கே அனுபவமின்மையின் அடையாளமாகவே படிக்கப்படும்.

விடை வந்ததும் மகிழ்ச்சியில் பொருளை ஏற்றிவிடாதீர்கள். ஜேர்மன் வணிகப் பதிவேட்டை 2022 ஆகஸ்ட் முதல் எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். நிறுவனத்தின் பெறுமதிசேர் வரி இலக்கம் செல்லுபடியாகுமா என்பதை ஐரோப்பிய ஆணைக்குழுவின் வீஸ் தளத்தில் பாருங்கள். ஐரோப்பியச் சுங்கத்துக்கான ஈ.ஓ.ஆர்.ஐ. இலக்கத்தையும் கேளுங்கள். உண்மையான இறக்குமதியாளர் இக்கேள்விகளால் மனம் வருந்தமாட்டார்.

படி 7: பணமும் கப்பலும்

வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி கூறும் கடனுறுதிக் கடிதம் (எல்.சி.) பாதுகாப்பானது. ஆயினும் சிறிய சரக்குக்கு வங்கிக் கட்டணமே இலாபத்தை விழுங்கிவிடும். எனவே ஒரு பகுதியை முற்பணமாகவும், மிகுதியைக் கப்பலேற்ற ஆவணங்களின் பிரதி கண்டதும் பெறும்படியும் பேசிக்கொள்வது தொடங்குபவருக்கு ஏற்றது. கடனுக்குக் கொடுக்க நேர்ந்தால், இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்திடம் முன்னரே விசாரியுங்கள். இரு தரப்பில் எவருக்கேனும் மற்றவரின் வங்கிக் கணக்கு மாறியதாக மின்னஞ்சல் வந்தால், ஏற்கனவே அறிந்த இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்யாமல் பணம் அனுப்பக்கூடாதென்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

விலையைக் கொழும்பு எப்.ஓ.பி. (கொழும்பில் கப்பலேற்றும் வரையிலான விலை) என்று கூறி, இத்தகைய வணிகச் சொற்களுக்குப் பொருள் வகுக்கும் சர்வதேச விதித்தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020 என்பதையும் சேர்த்தெழுதுங்கள். வீட்டு வாசல் வரை வரியுடன் ஒப்படைக்கும் டி.டி.பி. முறைக்கு இணங்க வேண்டாம். ஒரு கொள்கலனை நிரப்ப முடியாதவர்கள் பலருடைய சரக்குடன் சேர்த்து அனுப்பும் எல்.சி.எல். முறையைப் பயன்படுத்தலாம். மரத் தட்டுகளில் அடுக்கினால் அவை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் வெப்பமூட்டப்பட்டதைக் காட்டும், மரப் பொதிகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.பி.எம். 15 இன் முத்திரை வேண்டும். அழகுக்காகப் பனையோலைப் பெட்டியில் வைத்து அனுப்ப விரும்புவோர், அதற்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் தேவையா என்பதைக் கட்டுநாயக்காவிலுள்ள தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவையிடம் முதலில் கேட்டறிய வேண்டும்.

படி 8: ஏற்றிய பின்

ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் முத்திரையிட்ட ஒரு மாதிரியை, காலாவதித் திகதி கடக்கும் வரை உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். அந்தத் தொகுதிக்குரிய செத்தல், மல்லி, சீரகச் சிட்டைகளும் ஆய்வறிக்கையும் திரித்த நாளின் பதிவும் ஒரே கோப்பில் இருக்கட்டும். அங்கே ஒரு பையில் குறை காணப்பட்டால், இறக்குமதியாளர் தொகுதி இலக்கத்தை மட்டும் எழுதி விபரம் கேட்பார். அந்தக் கோப்பை அன்றே படமெடுத்து அனுப்பினால், திருப்பியழைக்க வேண்டியது முழுச் சரக்கா, ஒரு தொகுதி மட்டுமா என்பதை அவர் முடிவு செய்துகொள்வார்.